பதினெட்டு டிகிரியில் ஒரு வாக்குறுதி

இதில் ஒரு வார்த்தை பொய்யாக இருந்தால் என் மேல்வரிசைப் பற்கள் அத்தனையும் இந்த நிமிடமே கொட்டிப் போகட்டும். கீழ்வரிசையைப் பற்றி இப்போது பேச்சில்லை. முப்பத்தொரு வருடம் கிடங்கில் காவல் காத்தவன் நான். கண்ணால் பார்த்ததை மட்டும்தான் சொல்வேன். பார்க்காததைச் சொல்ல நேர்ந்தால் குரலைத் தாழ்த்திக்கொள்வேன்.

எங்களிடம் ஓர் அணுகுண்டு இருந்தது. ஒன்றே ஒன்று. ஆசைப்பட்டு வாங்கியதல்ல. ஒரு பெரிய நாடு உடைந்து நான்கு நாடுகளானபோது, எது எவன் எல்லைக்குள் கிடக்கிறதோ அது அவனுக்கு என்று முடிவானது. ஒருவனுக்குத் துறைமுகம் கிடைத்தது. இன்னொருவனுக்கு எண்ணெய்க் கிணறு. எங்கள் பங்குக்கு உருளைக்கிழங்கு வைக்கிற பழைய குளிர்பதனக் கிடங்கு ஒன்றும், அதற்குள் ஓர் அணுகுண்டும். பீரோவைப் படுக்கப்போட்டால் எவ்வளவு இருக்குமோ அவ்வளவு. பச்சை வண்ணம். ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. லாரியில் ஏற்றும்போது யாரோ இடித்திருக்கிறார்கள். கேட்டால் எல்லாரும் "நான் இல்லை" என்றார்கள்.

காலை முறைக்கு நான். மதியத்துக்கு இன்னொருவர். எந்நேரமும் வாயைப் பிளந்துகொண்டே இருப்பதால் அவருக்குக் கொட்டாவி என்று பெயர். இரவுக்குப் பூட்டுதான் காவல்.

முறை மாறும்போது ஒரு வழக்கம் உண்டு. போகிறவன், வருகிறவன் இரண்டு பேரும் குண்டின் மேல் உள்ளங்கையை வைக்க வேண்டும். போகிறவன் "இருக்கு" என்பான். வருகிறவனும் "இருக்கு" என்பான். அப்புறம்தான் போகிறவன் வீட்டுக்குப் போகலாம். பழைய நாட்டுக் காலத்தில் வேறொரு கிடங்கில் ஒரு பீரங்கி வண்டி காணாமல் போய், அது போன பிறகும் இரண்டு வருடம் காவலர்கள் அதைக் கண்ணும் கருத்துமாகக் காத்து வந்தார்களாம். அதனால் வந்த வழக்கம்.

சுவரில் விதிப் பலகை தொங்கியது. தீப்பெட்டி கொண்டுவரக் கூடாது. பத்தடிக்குள் உரக்கப் பேசக் கூடாது. வெப்பம் பதினெட்டு டிகிரியைத் தாண்டக் கூடாது. இரண்டு பேர் இரண்டு சாவியை ஒரே நேரத்தில் திருப்பாமல் எதையும் திறக்கக் கூடாது. உள்ளே என்ன இருக்கிறது என்று எவரும் எக்காரணம் கொண்டும் பார்க்கக் கூடாது. அதன் கீழே வேறு கையெழுத்தில், மேலே உட்கார்ந்து சாப்பிடக் கூடாது. இந்தக் கடைசி விதி கொட்டாவியால் வந்தது.

என் அக்கா எல்லையோர ஊரில், கடைசித் தெருவில், கடைசி வீட்டில் இருந்தாள். தையல்காரி. முன்னறை, நடு அறை, சமையலறை, பின்கட்டு என்று நான்கும் அவள் மெஷினை மிதித்து மிதித்தே கட்டியவை. அந்த வீட்டுக்கு மாமாவின் பங்களிப்பு, நடு அறையில் கட்டில் போட்டுப் படுத்தது. பின்கட்டில் துணி காயப்போடும் கம்பி. கம்பியிலிருந்து பத்தடி தள்ளிப் பக்கத்து நாடு.

வாரம் ஒரு முறை அக்கா போன் செய்வாள்.

"உன் குண்டு நல்லா இருக்காடா?"

"இருக்குக்கா."

"அப்ப நான் தூங்கலாம்."

என் உடம்பைப் பற்றி அவள் கேட்டதில்லை. குண்டுக்குப் பிறகுதான் தம்பி.

இப்படி இருக்கையில் ஒருநாள் மூன்று நாட்டிலிருந்து மூன்று பேர் வந்து இறங்கினார்கள். ஒருவர் கடல் தாண்டி வந்தவர், ஆறடிக்கு மேல் உயரம், கிடங்கு வாசலில் இரண்டு முறை இடித்துக்கொண்டார். இன்னொருவர் வெயிலிலும் நிழலிலும் குடையோடு இருப்பவர். மூன்றாமவர் பக்கத்து நாட்டுக்காரர். பார்த்தவர்களையெல்லாம் கட்டிப்பிடித்தார். கிடங்குக்குப் பொறுப்பான எங்கள் அரசுச் செயலாளரைக் கட்டிப்பிடித்தார், கொட்டாவியைக் கட்டிப்பிடித்தார், என்னைக் கட்டிப்பிடித்தபோது என் சட்டைப்பையில் இருந்த மூக்குக்கண்ணாடி இரண்டாகிவிட்டது. அன்றிலிருந்து அவர் எங்களுக்குக் கட்டிப்பிடியார்.

மூவரும் சொன்னது ஒன்றுதான். இவ்வளவு சின்ன நாட்டுக்கு இவ்வளவு பெரிய குண்டு எதற்கு? கொடுத்துவிடுங்கள். அதற்குப் பதில் உங்கள் எல்லைக்கு நாங்கள் பொறுப்பு என்று மூவரும் கையெழுத்துப் போட்டுத் தருகிறோம்.

உண்மையைச் சொன்னால் குண்டு போவதில் எனக்கு வருத்தமில்லை. நசுங்கிய பக்கம் சில நாட்களில் உள்ளங்கைக்குச் சூடாக இருக்கும். அது என் கையின் சூடுதான் என்று செயலாளர் சொன்னார். ஆனால் அவர் கையை வைத்துப் பார்த்ததில்லை.

கையெழுத்து விழா கிடங்கு கேன்டீனில் நடந்தது. நான்கு பேர் உட்காருகிற மேசை அங்கேதான் இருந்தது. மூவரும் தங்கப் பேனாவால் போட்டார்கள். எங்கள் செயலாளர் தன் பேனா எழுதவில்லை என்று கட்டிப்பிடியாரிடம் இரவல் வாங்கிப் போட்டார். கண்ணில் தண்ணீர் வழியப் படம் எடுத்துக்கொண்டார்கள். குண்டை யார் எடுத்துப்போவது என்ற பேச்சு வந்தபோது கட்டிப்பிடியார் தாமாகவே முன்வந்தார்.

"நம்ம வீடு பக்கத்துலதானே. போற வழியில நானே இறக்கிக்கறேன்" என்றார். பத்திரமாக வைத்துக்கொள்வதாகவும் சொன்னார். அதில் பொய்யே இல்லை. இன்றுவரை பத்திரமாகத்தான் வைத்திருக்கிறார்.

லாரி போனது. கிடங்கில் வெறும் இரும்புத் தாங்கி நின்றது. நானும் கொட்டாவியும் வேலை போச்சு என்று கையைப் பிசைந்துகொண்டு நின்றோம். செயலாளர் ஒரு தகரப் பெட்டியோடு வந்தார்.

"யார் சொன்னா வேலை போச்சுன்னு? குண்டு இருந்த இடத்துல இனிமே இது இருக்கும். குண்டு பாத்த வேலையை இது பாக்கும். நீங்க பாத்த வேலையை நீங்க பாருங்க."

பெட்டிக்குள் உறுதிமொழி. தாங்கியின் மேல் வைத்தோம். பீரோ இருந்த இடத்தில் சோப்புப் பெட்டி வைத்த மாதிரி இருந்தது. விதிப் பலகையை மாற்ற வேண்டாமா என்று கேட்டேன். மாற்ற ஒரு குழு போட வேண்டும், குழு போட இன்னொரு குழு இருக்கிறது, அது கூடுவதில்லை என்றார் செயலாளர். ஆகவே பலகை அப்படியே இருந்தது. நாங்கள் விதியை மீறுகிறவர்கள் அல்ல.

பதினோரு வருடம். காகிதத்துக்குப் பத்தடிக்குள் நாங்கள் கிசுகிசுத்தோம். பதினெட்டு டிகிரிக்கு மேல் ஒரு கோடு ஏற விட்டதில்லை. கரண்ட் போன ஒரு கோடையில், வாக்குறுதி வெந்துபோகக் கூடாது என்று நானும் கொட்டாவியும் மூன்று மணி நேரம் விசிறினோம். பார்வைக்கு வந்த அமைச்சர்கள் ஈய அங்கி மாட்டிக்கொண்டுதான் உள்ளே வந்தார்கள். ஓர் அமைச்சர் வெளியே போனதும் தன் மனைவிக்குப் போன் செய்து, "பக்கத்துல போய்ட்டு வந்துட்டேன், ஒண்ணும் ஆகலை" என்றார். கதிர்வீச்சு வேலைக்காரர்களுக்குத் தினமும் கொடுக்கிற அரை லிட்டர் பாலையும் நிறுத்தவில்லை. காகிதத்தின் கதிர்வீச்சால்தான் தன் தலைமுடி கொட்டியது என்று கொட்டாவி எழுதிக் கொடுத்தார். அரை லிட்டர் முக்கால் லிட்டரானது.

மதியம் ஒரு மணிக்கு இருவரும் பெட்டியின் மேல் உள்ளங்கை வைப்போம்.

"இருக்கு."

"இருக்கு."

அக்கா கேட்டாலும் அதையேதான் சொன்னேன். பன்னிரண்டாம் வருடம் ஒரு காலையில் அவள் குரலே வேறு மாதிரி இருந்தது.

"டேய், பின்னால துணி காயப்போடுற கம்பியைக் காணோம்டா. அந்தப் பக்கம் போயிடுச்சு."

"கம்பி எப்படிக்கா போகும்?"

"கம்பி போகலடா. எல்லை வந்திருக்கு. என் ரெண்டு பாவாடை, மாமாவோட ஒரு லுங்கி, எல்லாம் இப்ப வெளிநாட்டுல காயுது."

பக்கத்து நாட்டு ஆட்கள் விடியற்காலை வந்து எல்லைக் கம்பங்களைப் பிடுங்கி, பதினைந்து அடி உள்ளே நட்டுவிட்டுப் போயிருந்தார்கள். விசாரித்ததற்குக் கோடு கோணலாக இருந்தது, நேராக்கினோம் என்றார்களாம்.

நான் செயலாளரிடம் ஓடினேன். அவர் பதறவில்லை. பல் குத்திக்கொண்டே சிரித்தார்.

"உங்க அக்காவைத் துணி எடுத்து வைக்கச் சொல்லுய்யா. நம்மகிட்ட என்ன இருக்கு?"

"இருக்குங்கய்யா."

"அதைத் திறந்துடுவோம்."

அன்று கிடங்கில் நடந்ததை இப்போது நினைத்தாலும் மயிர் கூச்செறிகிறது. மூவரும் ஈய அங்கி மாட்டிக்கொண்டோம். ஊரையே அரை மைல் காலி செய்யச் சொல்லிவிட்டோம். நான் ஒரு சாவி, கொட்டாவி ஒரு சாவி. ஒன்று, இரண்டு, மூன்று என்று திருப்பினோம். கொட்டாவி இரண்டிலேயே திருப்பிவிட்டதால் மறுபடி செய்தோம். பெட்டி திறந்ததும் நாங்கள் இருவரும் தரையில் குப்புற விழுந்து காதைப் பொத்திக்கொண்டோம்.

ஒன்றும் கேட்கவில்லை. காகிதம் புரளும் சத்தம் மட்டும்.

நான்கு பக்கம். முதல் மூன்றில் யார் யாருக்கு எவ்வளவு மரியாதை என்று இருந்தது. நான்காவதில் ஒரே ஒரு வாக்கியம்: எல்லைக்கு ஏதேனும் நேர்ந்தால் கீழே கையெழுத்திட்டவர்கள் கூடிக் கலந்து பேசுவார்கள்.

செயலாளர் காகிதத்தைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெள்ளை. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். உதறிப் பார்த்தார்.

"வைக்கும்போதும் இப்படித்தான் இருந்துச்சாய்யா?"

"அய்யா, நீங்கதான் கையெழுத்துப் போட்டீங்க."

"கையெழுத்துப் போட்டேன். படிச்சேன்னு சொன்னேனா? நீங்க பதினோரு வருஷமா 'இருக்கு இருக்கு'ன்னீங்களே!"

கொட்டாவி தரையில் படுத்தபடியே பதில் சொன்னார். "இருக்குன்னுதான் சொன்னோம். என்ன இருக்குன்னு சொன்னோமா?"

சரி, பேசுவதும் ஒரு ஆயுதம்தானே என்று செயலாளர் மனதைத் தேற்றிக்கொண்டு மூவருக்கும் தகவல் அனுப்பினார். மூவரும் வந்தார்கள். சம்பவ இடத்திலேயே பேசலாம் என்று அக்காவின் முன்னறையில் கூடினார்கள். ஆறடியார் நிலைப்படியில் இடித்துக்கொண்டு உள்ளே வந்தார். குடைக்காரர் வீட்டுக்குள் குடையை விரித்துக்கொண்டு உட்கார்ந்தார். கட்டிப்பிடியார் அக்காவைக் கட்டிப்பிடிக்க வந்தார். அவள் நடுவில் ஒரு ஸ்டூலை நகர்த்திப் போட்டாள்.

"நடந்தது எங்களுக்கு ஆழ்ந்த கவலை அளிக்கிறது" என்றார் ஆறடியார்.

"எவ்வளவு ஆழம்?" என்றாள் அக்கா.

"மிகவும்."

"அளவு சொல்லுங்கய்யா. துணி தைக்கிறவ நான், 'மிகவும்'னு சொன்னா எனக்கு வெட்டத் தெரியாது." கழுத்தில் தொங்கிய அளவு நாடாவை எடுத்து அவர் பக்கம் நீட்டினாள். "முழங்கால் வரைக்குமா? இடுப்பு வரைக்குமா?"

ஆறடியார் குடைக்காரரைப் பார்த்தார். குடைக்காரர், தமது அரசு தற்போதைக்கு வெறும் கவலைக்குத்தான் அனுமதி கொடுத்திருக்கிறது, ஆழ்ந்த கவலைக்குத் தலைநகரிலிருந்து உத்தரவு வர வேண்டும் என்றார்.

"நானும் கவலை தெரிவிக்கிறேன்" என்றார் கட்டிப்பிடியார். "நானும் கையெழுத்துப் போட்டவன் இல்லையா? இப்படியெல்லாம் நடக்கக் கூடாதுங்க."

"நடத்தினது நீங்கதானேய்யா?" என்றேன் நான்.

"அதனாலதான் என் கவலை இவங்க ரெண்டு பேர் கவலையையும் விடப் பெருசு" என்று என்னைக் கட்டிப்பிடித்தார். புதுக் கண்ணாடியும் போயிற்று.

காலையில் தொடங்கிச் சாயங்காலம் வரை கலந்து பேசி, மூவரும் ஒரு கூட்டறிக்கை எழுதினார்கள். டீ போட்டுத் தரலாம் என்று அக்கா சமையலறைக்குப் போனாள். போன வேகத்தில் திரும்பி வந்தாள்.

"அடுப்பு அந்தப் பக்கம் போயிடுச்சு" என்றாள்.

முன்னறையில் பேசிக்கொண்டிருந்தபோது பின்னால் கம்பத்தை நகர்த்தியிருக்கிறார்கள். பின்கட்டும் சமையலறையும் போய்விட்டன. நடு அறையின் வாசலில் ஒரு தடுப்புக் கட்டை. கட்டைக்குப் பின்னால் ஒரு ஸ்டூலில் முத்திரையும் மைப்பெட்டியும்.

அடுத்த இரண்டு மாதம் என் அக்கா பட்ட பாடு. வெந்நீர் வைக்க வேண்டுமென்றால் விசா. ஒரு சொம்புத் தண்ணீரை ஏற்றுமதி செய்து, காய்ச்சி, மறுபடி இறக்குமதி செய்ய வேண்டும். போகும்போது குளிர்ந்த நீர், வரும்போது வெந்நீர், ஆகவே போனதும் வந்ததும் வேறு வேறு பொருள் என்று தடுப்புக் கட்டைக்காரர்கள் ஒருநாள் சொம்பைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள். உப்பை அவள் தலைமுடிக்குள் வைத்துக் கடத்தினாள்.

செயலாளர் மறுபடி மூவரையும் அழைத்தார். மறுபடி கூடினார்கள். குடைக்காரருக்கு ஆழ்ந்த கவலைக்கு உத்தரவு வந்துவிட்டது, அதை இனிப்பான செய்தி போலச் சொன்னார். ஆறடியார் ஒரு படி மேலே போய்க் கடும் கவலை என்றார். அன்று சாயங்காலம் நடு அறையில் பாதி போனது. கோடு மாமாவின் கட்டிலுக்குக் குறுக்கே ஓடியது. தலை எங்கள் நாட்டில், கால் அவர்கள் நாட்டில்.

"எழுந்திரிச்சு இந்தப் பக்கம் வந்துடுங்க மாமா" என்றேன்.

"எதுக்கு மாப்பிள்ளை? கால்தானே போயிருக்கு. அங்க காத்து நல்லா வருது" என்றார் மாமா. புரண்டு படுப்பதற்குத் தனி அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டார். இடது பக்கம் ஒரு முறை, வலது பக்கம் ஒரு முறை. மூன்றாவது சந்திப்பில் கட்டிலோடு முழுவதும் அந்தப் பக்கம் போய்விட்டார். அக்காவுக்கு அதில் அவ்வளவு வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. கட்டில் தேக்கு என்பதைத்தான் இரண்டு தடவை சொன்னாள்.

மிச்சம் முன்னறை. தெருவுக்கு ஒரு வாசல், மெஷின், ஒரு ஸ்டூல், சுவரில் ஆணியில் தொங்கும் மற்றவர்களின் சட்டைகள். அக்கா என்னைத் தனியே கூப்பிட்டாள். அவள் கண் சிவந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"டேய், உனக்குப் புண்ணியமாப் போகும். இனிமே அவங்களைக் கலந்து பேசக் கூப்பிடாதீங்க. பேசப் பேச வீடு சின்னதாகுது. இந்த ஒரு அறையும் போச்சுன்னா நான் மெஷினைத் தூக்கிட்டுத் தெருவுலதான் நிக்கணும்."

ஆனால் அழைப்பு போய்விட்டது. நான்காவது தடவையும் வந்து உட்கார்ந்தார்கள். அன்று கட்டிப்பிடியார் முகத்தில் ஒரு புது வெளிச்சம். பேச்சைத் தொடங்கியது அவர்தான்.

"நாங்க இந்த அறையைத் தொடவே நினைக்கலை. எங்களுக்கும் ஒரு பயம் இருக்கு. அதையும் நீங்க புரிஞ்சுக்கணும்." மெஷின் மேல் கிடந்த கத்தரியைக் கை நீட்டிக் காட்டினார். துணி வெட்டுகிற கத்தரி. பத்து அங்குலம், முழு இரும்பு. "எங்க எல்லையிலிருந்து மூணே அடியில இவ்வளவு பெரிய கத்தரி. எங்க ஆளுங்களுக்குத் தூக்கம் வருமா? அதைக் கொடுத்துடுங்க. இந்த அறை என்னைக்கும் உங்களுதுன்னு நாங்க மூணு பேரும் இப்பவே எழுதித் தர்றோம்."

ஆறடியார் எழுந்தே விட்டார். உத்தரத்தில் இடித்துக்கொண்டதைக் கூடப் பொருட்படுத்தவில்லை. "இது வரலாற்று முக்கியத்துவம் வாய்ந்த தருணம்" என்றார். குடைக்காரர் தங்கப் பேனாவின் மூடியைக் கழற்றிவிட்டார். படம் எடுக்கிறவர் அக்காவைக் கொஞ்சம் வலப்பக்கம் தள்ளி நிற்கச் சொன்னார்.

செயலாளர் அக்காவிடம் குனிந்து, "குடுத்துடுங்கம்மா. இந்தத் தடவை பெட்டியில வைக்கிறதுக்கு முன்னால கண்டிப்பாப் படிச்சுடுவோம்" என்றார்.

நானும் சும்மா இருக்கவில்லை. அதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் சத்தியம் செய்திருக்கிறேன். "குடுத்துடுக்கா. ஒரு கத்தரிதானே. வேற வாங்கிக்கலாம்" என்றேன்.

அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வைக்கு நான் அப்படியே சுவர் ஆணியில் போய்த் தொங்கியிருக்கலாம். அப்புறம் கத்தரியை வலது கையில் எடுத்தாள். கட்டிப்பிடியார் கையை நீட்டினார். அவள் இடது கையால் துணி அளவு வெட்டும் பழுப்புத் தாளில் ஒரு துண்டு கிழித்தாள். தையல் சாக்பீசை எடுத்துத் தாளில் ஏதோ எழுதினாள். கீழே கையெழுத்தும் போட்டு, தாளை அவர் நீட்டிய கையில் வைத்தாள்.

"என்னம்மா இது?"

"கத்தரி என்கிட்டயே இருக்கட்டும். உங்க பயத்துக்கு நான் உறுதிமொழி தர்றேன். படிங்க."

கட்டிப்பிடியார் உரக்கப் படித்தார். "இந்தக் கத்தரி யாரையாவது குத்த நேர்ந்தால் நான் ஆழ்ந்த கவலை தெரிவிப்பேன். குத்துப்பட்டவரோடு உடனடியாகக் கூடிக் கலந்து பேசுவேன்."

கட்டிப்பிடியார் தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் யாருடைய சட்டைக்கோ கழுத்தளவு போட்டிருந்தது.

"இதுல... குத்தமாட்டேன்னு எங்கயுமே இல்லியே."

"உங்க பேப்பரைப் பாத்துத்தான்யா எழுதினேன். ஒரு வரி கூடக் கூட்டலை."

"இதை நம்பி நாங்க எப்படிம்மா..."

"பத்திரமா வச்சுக்கோங்க. பதினெட்டு டிகிரியில வைக்கணும். தினம் ஒருத்தன் தொட்டு 'இருக்கு'ன்னு சொல்லணும். என் தம்பியை வேணா அனுப்புறேன், அவனுக்கு நல்ல பழக்கம்."

சொல்லிவிட்டு மெஷினின் அந்தப் பக்கம், நடு அறையின் வாசலைப் பார்த்தபடி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஒரு துணியை எடுத்து வெட்ட ஆரம்பித்தாள். கரக், கரக் என்று சத்தம். ஒவ்வொரு கரக்குக்கும் கட்டிப்பிடியார் கால் விரலை உள்ளே இழுத்துக்கொண்டார். போகும்போது யாரையும் கட்டிப்பிடிக்கவில்லை.

அன்று சாயங்காலம் கம்பம் நகரவில்லை. மறுநாளும் நகரவில்லை. அந்த வாரம் தடுப்புக் கட்டையை அவர்களே நாலு அடி பின்னால் தள்ளிப் போட்டுக்கொண்டார்கள்.

நல்ல முடிவு என்று நினைப்பீர்கள். ஆறடியாருக்கும் குடைக்காரருக்கும் வந்த கோபத்தைப் பார்த்திருக்க வேண்டும். பதினோரு வருடத்தில் முதன்முறையாக அவர்கள் கவலை என்ற சொல்லைக் கீழே வைத்துவிட்டுக் கண்டனம் என்ற சொல்லை எடுத்தார்கள். எல்லையோரத் தையல்காரி ஒருத்தி அமைதி முயற்சிக்கு ஒத்துழைக்க மறுத்ததையும், குடியிருப்புப் பகுதியில் பத்து அங்குலக் கத்தரி வைத்திருப்பதையும் வன்மையாகக் கண்டித்து மூவரும் ஒருமனதாக அறிக்கை விட்டார்கள். பக்கத்து நாடு முதலில் கையெழுத்துப் போட்டது. அதோடு விடவில்லை. அக்காவுக்கு நூல் விற்கக் கூடாது என்று மூன்று நாடும் தடை போட்டன. வெள்ளை நூலுக்கு ஐந்து வருடம், கறுப்பு நூலுக்குப் பத்து. பொத்தான் பற்றி இன்னும் கலந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

அக்கா பழைய துணியிலிருந்து நூலை உருவித் தைக்கிறாள். சமையலுக்கு முன்னறையிலேயே ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு. மாமா அந்தப் பக்கம் கட்டிலில் நன்றாகத் தூங்குவதாகத் தகவல். அறை பத்துக்குப் பன்னிரண்டு. அதில் ஓர் அங்குலம் குறையவில்லை என்று வாரம் ஒரு முறை நாடா வைத்து அளந்து எனக்குப் போனில் சொல்கிறாள். இப்போது "இருக்கு" என்று சொல்வது அவள். கேட்டுக்கொள்வது நான்.

இவ்வளவு சொன்ன பிறகும் சிலர் வாயோரம் சிரிப்பார்கள். அவர்கள் நேரே அக்காவிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம், எனக்கு ஆட்சேபம் இல்லை.

என் அப்பா அம்மாவுக்கு நான் ஒரே பிள்ளை.